கிழங்கை மாற்றினேன், சர்க்கரை ஏறிவிட்டது: உருளையா, சர்க்கரைவள்ளியா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார். உருளைக்கிழங்கு கெடுதல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு நல்லது என்று பல இடங்களில் படித்துவிட்டு, மூன்று மாதமாக வீட்டில் உருளையே வாங்குவதில்லை. முன்பு இரவில் சிறிய ரொட்டி இரண்டும் கொஞ்சம் உருளைப் பொரியலும் சாப்பிடுவார். இப்போது அதற்குப் பதிலாக ஓவனில் சுட்ட பெரிய சர்க்கரைவள்ளி இரண்டு, வேறு எதுவும் இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முன்பு 170ஐத் தாண்டாது. இப்போது 230 காட்டுகிறது. என் மாமியார், "பேரிலேயே சர்க்கரை இருக்கே, அது எப்படி நல்லதாகும்?" என்கிறார். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதில் மகளும் இருக்கிறாள். உண்மையில் எந்தக் கிழங்கில் சத்து அதிகம்? யாருக்கு எதைக் கொடுப்பது?

பதில்: முதலில் அந்த 230க்குக் கணக்குப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

சுட்ட சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்குச் சுமார் 21 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து இருக்கும். பெரிய கிழங்கு ஒன்று சுட்ட பிறகு 200 கிராமாவது இருக்கும். இரண்டு சாப்பிட்டால் 400 கிராம். ஆக ஒரே வேளையில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகிறது. முன்பு அவர் சாப்பிட்டதைப் பாருங்கள். சிறிய ரொட்டி இரண்டில் 35 முதல் 40 கிராம், கூடவே ஒரு சிறு கரண்டி உருளையில் 15 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 55 கிராமுக்குள் அடங்கிவிடும். கிழங்கின் பெயரை மாற்றியபோது அளவு ஒன்றரை மடங்காகிவிட்டது. "நல்ல கிழங்கு" என்ற நம்பிக்கையில் தட்டில் கூடுதலாக வைப்பதுதான் இந்த மாற்றத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு.

இரண்டாவது காரணம் ஓவன். சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதி இயல்பாகவே இருக்கிறது, பீட்டா அமிலேஸ் என்று பெயர். கிழங்கின் உட்புறம் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரி வரை சூடாகும் நேரத்தில் இது மும்முரமாக வேலை செய்து, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். முழுக் கிழங்கை ஓவனிலோ தணலிலோ வைத்தால் உட்புறம் மெல்ல மெல்லத்தான் சூடேறும். அந்த வெப்பநிலையைக் கடக்க நீண்ட நேரம் பிடிக்கும், அதுவரை நொதி சர்க்கரையைச் செய்துகொண்டே இருக்கும். சுட்ட கிழங்கிலிருந்து பாகு போல ஒட்டும் சாறு வடிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சர்க்கரைதான் அது. போதாததற்கு, சுடும்போது தண்ணீர் ஆவியாகிக் கிழங்கு அடர்த்தியாகிவிடுகிறது. அதே அளவு துண்டில் சத்தும் கூடும், சர்க்கரையும் கூடும்.

இதன் விளைவு ரத்தத்தில் எப்படித் தெரியும் என்பதை ஜமைக்காவில் பத்து வகைச் சர்க்கரைவள்ளிகளை வைத்துச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். தண்ணீரில் வேகவைத்தபோது கிளைசீமிக் குறியீடு, அதாவது ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண், 41க்கும் 50க்கும் இடையே இருந்தது. அதே கிழங்குகளை ஓவனில் சுட்டபோது 82 முதல் 94 வரை போனது. சுத்தமான குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துத்தான் இந்தக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். எல்லா ஊர்க் கிழங்கிலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது, வகைக்கு வகை மாறும். ஆனால் சர்க்கரைவள்ளியின் கிளைசீமிக் குறியீடு குறைவு என்று எங்காவது படித்தால், அது வேகவைத்த கிழங்கின் எண்ணா, சுட்டதன் எண்ணா என்று பாருங்கள். வேகவைத்ததன் எண்ணைப் படித்துவிட்டுச் சுட்டதைச் சாப்பிட்டால் குளுக்கோமீட்டர் ஒத்துப்போகாது.

மூன்றாவது காரணம், கிழங்கை மட்டும் தனியாகச் சாப்பிட்டது. முன்பு ரொட்டியோடு எண்ணெயில் வதக்கிய பொரியல் இருந்தது. கொழுப்பும் புரதமும் இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். இப்போது தட்டில் அந்தத் தடை எதுவும் இல்லை.

ஆகவே கணவருக்குச் சர்க்கரைவள்ளியை நிறுத்த வேண்டாம். வேகவைத்த பிறகு எடை போட்டு 150 கிராம் கொடுங்கள், அதில் மாவுச்சத்து 27 கிராம் அளவில் இருக்கும். தராசு இல்லையென்றால் கோழிமுட்டை அளவுள்ள துண்டு இரண்டு ஏறக்குறைய 100 கிராம், மூன்று என்றால் 150 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு முட்டை, மீன், பருப்பு, பனீர் ஏதாவது ஒன்றும், தட்டில் பாதியளவு கீரை அல்லது நீர்க்காயும் சேருங்கள். பசி அடங்கவில்லையென்றால் ஒரு ரொட்டி கூடச் சாப்பிடட்டும், கிழங்கின் அளவைக் கூட்ட வேண்டாம்.

வேகவைக்கும் முறையும் முக்கியம். தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, தோலோடு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கிய துண்டுகளைப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முழுக் கிழங்கைப் போட்டு அடுப்பை ஏற்றினால் உட்புறம் மெல்லச் சூடாகி, ஓவனில் நடந்ததே ஓரளவுக்கு இங்கேயும் நடக்கும். கொதிநீரில் சிறு துண்டு சீக்கிரம் 80 டிகிரியைத் தாண்டிவிடும், நொதிக்கு அவகாசம் கிடைக்காது. 12 முதல் 15 நிமிடத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உதிரக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்குங்கள். குழைய வேகவைத்து மசித்தால் செரிமானம் வேகமாகி சர்க்கரையும் வேகமாக ஏறும். உருளைக்கும் இதே விதிதான். மசித்த உருளையைவிடத் துண்டாகச் சாப்பிடும் உருளை மெதுவாகச் செரிக்கும்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி, எதில் சத்து அதிகம்? பச்சைக் கிழங்கை 100 கிராமுக்கு ஒப்பிட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. உருளையில் 77 கலோரி, சர்க்கரைவள்ளியில் 86. மாவுச்சத்து முறையே 17.5 கிராம், 20 கிராம். புரதம் 2 கிராம், 1.6 கிராம். நார்ச்சத்து தோலோடு சேர்த்து உருளையில் 2 கிராமுக்குச் சற்று மேல், சர்க்கரைவள்ளியில் 3 கிராம். கொழுப்பு இரண்டிலும் இல்லை என்றே சொல்லலாம். பொட்டாசியம் உருளையில் 420 மில்லிகிராம் அளவில், சர்க்கரைவள்ளியில் 340 அளவில். பி6 வைட்டமினும் உருளையில்தான் கொஞ்சம் கூடுதல். சர்க்கரையாகவே இருக்கும் பங்கு உருளையில் 1 கிராம்கூடத் தேறாது, சர்க்கரைவள்ளியில் 4 கிராம். வேகவைத்தால் அது 6 கிராமை நெருங்கும். உங்கள் மாமியார் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த 6 கிராம் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் மீதியுள்ள மாவுச்சத்துக்குத்தான் பெரிய பங்கு. இனிக்காத உருளையும் சர்க்கரையை ஏற்றுவது அதனால்தான். நாக்கில் தெரியும் இனிப்பை வைத்து ரத்தச் சர்க்கரையைக் கணிக்க முடியாது.

வைட்டமின் சி விஷயத்தில் கிழங்கைவிடத் தோல்தான் தீர்மானிக்கிறது. உருளையைத் தோலோடு வேகவைத்துப் பிறகு உரித்தால் 100 கிராமில் 13 மில்லிகிராம் மிஞ்சும். தோலை உரித்துவிட்டு வேகவைத்தால் 7 தான். மீதி தண்ணீரோடு போய்விடும். உரித்து வேகவைத்த சர்க்கரைவள்ளியிலும் 13 அளவில்தான் இருக்கும். இந்தச் சத்துக்காக ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையிலேயே வித்தியாசம் தெரியும் இடம் ஒன்றுதான், வைட்டமின் ஏ. அதுவும் எல்லாச் சர்க்கரைவள்ளியிலும் இல்லை. சதை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் வகையில் மட்டும்தான் பீட்டா கரோட்டின் கொட்டிக் கிடக்கிறது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் 8,500 மைக்ரோகிராம் அளவு. உடலுக்குள் 12 பங்கு கரோட்டின் 1 பங்கு வைட்டமின் ஏ ஆக மாறும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 700 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. வளர்ந்த பெண் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவு கிட்டத்தட்ட இதிலேயே கிடைத்துவிடும். உருளையில் இது அநேகமாகச் சுழி. ஆனால் வெள்ளைச் சதையுள்ள சர்க்கரைவள்ளியிலும் ஏறக்குறைய சுழிதான்! ஊதாச் சதையுள்ள வகையில் இருப்பது ஆந்தோசயனின் என்ற வேறு நிறமி. அதற்கென்று நன்மைகள் உண்டு, ஆனால் அது வைட்டமின் ஏ ஆக மாறாது. தோலின் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். சிவப்புத் தோலுக்குள் வெள்ளைச் சதை இருப்பது சர்வ சாதாரணம். நகத்தால் தோலைக் கீறினாலோ நுனியைக் கிள்ளிப் பார்த்தாலோ தெரிந்துவிடும். ஆரஞ்சு நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு கரோட்டின்.

வைட்டமின் ஏ குறைபாடு குழந்தைகளின் கண்பார்வையைப் பறிக்கக்கூடியது, தொற்றுநோயை எதிர்க்கும் வலுவையும் குறைக்கும். ஆப்பிரிக்க நாடுகளில் மக்கள் வழக்கமாகச் சாப்பிட்டுவந்த வெள்ளைக் கிழங்குக்குப் பதிலாக ஆரஞ்சு வகையைப் பரப்பியதற்காகத்தான் மரியா ஆண்ட்ராதே, ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ ஆகியோர் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசை ஹோவர்த் பூயிஸுடன் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு கிழங்கின் சதை நிறத்துக்கு இவ்வளவு கனம் உண்டு.

உங்கள் மகளுக்கு வருவோம். நான்கு முதல் எட்டு வயதுவரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ போதும். வேகவைத்த ஆரஞ்சு சர்க்கரைவள்ளி 50 கிராம், அதாவது முட்டை அளவுத் துண்டு ஒன்று, கிட்டத்தட்ட அவ்வளவையும் தந்துவிடும். ஒரு நிபந்தனை உண்டு. கரோட்டின் கொழுப்பில் கரைவது, கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் அதில் பெரும்பகுதி குடலில் ஏறாமல் வெளியேறிவிடும். ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கொடுங்கள், அல்லது முட்டையோடு கொடுங்கள். வெறும் கிழங்கை வேகவைத்துக் கையில் கொடுத்தால் வயிறு நிறையும், வைட்டமின் முழுதாகச் சேராது. வாரத்தில் மூன்று நாலு தடவை போதும். தினமும் நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கையும் பாதமும் மஞ்சள் பூக்கும். அது ஆபத்தில்லை, குறைத்தால் சில வாரங்களில் மறைந்துவிடும். மஞ்சள் காமாலையில் கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளாகும். கரோட்டினால் வரும் மஞ்சளில் கண் வெள்ளையாகவே இருக்கும். கண்ணும் மஞ்சளாகத் தெரிந்தால் கிழங்கின் மேல் பழிபோட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உருளையை வீட்டைவிட்டே விரட்டியது தேவையில்லை. அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது எண்ணெய்தான். வேகவைத்தால் 100 கிராமில் 87 கலோரி உள்ள அதே கிழங்கு, விரல் விரலாக நறுக்கி எண்ணெயில் பொரித்தால் 300 கலோரியைத் தாண்டும். சர்க்கரைவள்ளியைப் பொரித்தாலும் எண்ணெய் ஏறத்தான் செய்யும், "சத்தான சிப்ஸ்" என்று எதுவும் கிடையாது. வேகவைத்த உருளைக்கு இன்னொரு குணம், வயிற்றை நன்றாக நிறைக்கும். சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது பசியை நீண்ட நேரம் அடக்குகிறது என்று 1995இல் ஒப்பிட்டார்கள். வெள்ளை ரொட்டித்துண்டுக்கு 100 என்றால் வேகவைத்த உருளைக்கு 323. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

கணவருக்கு உருளை ஆசை இருந்தால் இப்படிச் செய்யலாம். தோலோடு வேகவைத்து, ஆறியதும் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓர் இரவு முழுக்கக் குளிரட்டும். வெந்தபோது குழைந்த மாவுச்சத்தின் ஒரு பகுதி குளிரில் மறுபடி இறுகி, செரிக்கக் கடினமான வடிவத்துக்குப் போகும். குடலில் அது நார்ச்சத்து மாதிரி நடந்துகொள்ளும். ஒரு சோதனையில் சிவப்புத் தோல் உருளையைச் சூடாகச் சாப்பிட்டபோது கிளைசீமிக் குறியீடு 89, குளிர்ந்தபடி சாப்பிட்டபோது 56. திரும்பக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் இந்தப் பலனில் ஒரு பகுதி போய்விடும், அதனால் துண்டாக்கி எலுமிச்சைச் சாறு, வெங்காயம், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் குளிர்ச்சி மட்டும் நீங்கும் பதத்தில் சாப்பிடுவது மேல். அளவு இங்கேயும் அதேதான், மற்ற மாவுப்பண்டத்தைக் குறைத்துக்கொண்டு 100 முதல் 150 கிராம். சோற்றுக்கோ ரொட்டிக்கோ தொடுகறியாக உருளை வரும்போதுதான் கணக்கு தவறுகிறது. உருளையைக் காய்கறிக் கணக்கில் வைக்காமல் சோறு, ரொட்டிக் கணக்கில் வையுங்கள்.

மாமியாருக்குச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், மற்ற இருவருக்கும் சொன்னதற்கு இது நேர் எதிர். இரண்டு கிழங்கிலும் பொட்டாசியம் அதிகம். சுட்டால் 100 கிராமில் உருளைக்கு 535 மில்லிகிராம், சர்க்கரைவள்ளிக்கு 475 வரை போகும். எனவே அவருக்குச் சுட்டதும், ஆவியில் வெந்ததும், தோலோடு வெந்ததும் வேண்டாம். தோலை உரித்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். நிறையத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரை முழுக்கக் கொட்டிவிட்டு, புதிதாகச் சுடுநீர் ஊற்றி மென்மையாகும்வரை வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். உருளையைத் துண்டாக்கி நிறைய நீரில் கொதிக்கவைத்து வடித்தால் பொட்டாசியம் ஏறக்குறைய பாதியாகும், துருவிக் கொதிக்கவைத்தால் முக்கால் பங்கு போய்விடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரவெல்லாம் ஊறவைத்தால் போதும் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். கொதிக்கவைக்காமல் வெறுமனே ஊறவைப்பதால் பொட்டாசியம் குறிப்பிடும்படி குறைவதில்லை. வடித்த நீரைச் சூப்பிலோ குழம்பிலோ சேர்த்துவிட்டால் செய்த வேலை வீண். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கும், அவர் சாப்பாட்டில் அது கூடவே கூடாது. இப்படி வடித்த பிறகும் எத்தனை கிராம், வாரத்தில் எத்தனை தடவை என்பதை அவருடைய கடைசி ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கும் மகளுக்கும் சமைக்கும்போது மட்டும் வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்திருந்தால் சர்க்கரைவள்ளியை அடிக்கடி வேண்டாம், அதில் ஆக்சலேட் கணிசமாக உண்டு.

வாங்கி வைப்பதில் இரண்டும் வெவ்வேறு சுபாவம். உருளை மண்ணுக்கடியில் பருத்த தண்டு, அதில் இருக்கும் கண்களே மொட்டுகள். வெளிச்சம் பட்டால் தண்டுக்குரிய வேலையைத் தொடங்கிப் பச்சையாகும், கூடவே சொலனின், சாக்கோனின் என்ற நச்சுகளையும் சேர்க்கும். கொதிக்கவைப்பதால் அவை அழியாது. லேசான பச்சை என்றால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி, முளைகளைக் குடைந்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பெரும்பகுதி பச்சையாக இருந்தாலோ, வெந்த பிறகு கசந்தாலோ, தொண்டை எரிந்தாலோ எறிந்துவிடுங்கள். குழந்தைக்கு அதை ருசி பார்க்கக்கூடக் கொடுக்க வேண்டாம். இருட்டான, காற்றோட்டமுள்ள, குளுமையான இடம் உருளைக்கு ஏற்றது. வேகவைக்காத உருளையை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும்.

சர்க்கரைவள்ளி நிஜமான வேர். வெப்பநாட்டுப் பயிர் என்பதால் குளிர் தாங்காது, 13 முதல் 16 டிகிரி அதற்கு ஏற்றது. ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு எவ்வளவு வெந்தாலும் நடுவில் கட்டையாக நிற்பது குளிர் தாக்கியதால்தான். பூஞ்சை பிடித்துக் கறுத்த கிழங்கில் கறுப்பை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சமைப்பது தவறு. பூஞ்சைக்கு எதிராகக் கிழங்கு சுரக்கும் கசப்பு நச்சு சுற்றியுள்ள நல்ல சதையிலும் பரவியிருக்கும்.

கடைசியாக, கணவருக்கு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு நாள் இரவு, வேகவைத்த சர்க்கரைவள்ளி 150 கிராமும் முட்டையும் காயும். மூன்று நாள் கழித்து, அதே நேரத்தில், அதே முட்டையும் காயும், சர்க்கரைவள்ளிக்குப் பதில் குளிரவைத்த உருளை 150 கிராம். இரண்டு நாளும் சாப்பிடுவதற்குச் சற்று முன்பும், முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். பின்னதை மட்டும் எழுதினால் அன்று மாலை தின்ற பண்டத்தின் கணக்கும் கிழங்கின் மேல் விழும். சோதனை நாட்களில் நடைப்பயிற்சியும் மாத்திரை நேரமும் மாறக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலோருக்கு இரண்டு மணி நேர அளவு 180க்குள் இருக்க வேண்டும் என்பதே இலக்கு. ஒரு விஷயத்தை முன்கூட்டியே கவனியுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற வகையாக இருந்தால், இரவு மாவுச்சத்தை 80 கிராமிலிருந்து 27 கிராமுக்குத் திடீரென்று இறக்கும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட வாய்ப்புண்டு. மாற்றத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் படுக்கப் போகும் முன் ஒரு தடவை பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு தெரிந்து 70க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.